புகைக்கூண்டில் படியும் கீல்: குமரி மாவட்ட விறகடுப்பு வீடுகளின் கேள்விகள்

கேஸ் வந்துவிட்ட வீடுகளிலும் குமரி மாவட்டத்தில் விறகடுப்பு போய்விடவில்லை. சம்பா அரிசி வேக, மரச்சீனி அவிக்க, குளிக்க வெந்நீர் போட என்று அடுக்களைக்குப் பின்பக்கம் ஓர் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ரப்பர் விறகும் தென்னையிலிருந்து விழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது அது நியாயமும்கூட. ஆனால் அடுப்பைத் தினமும் மெழுகுகிற வீட்டில்கூட மேலே இருக்கும் புகைக்கூண்டை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதில் படியும் கீல்தான், அதாவது கிரியோசோட், இங்கே பேச்சு. பலரும் கேட்கிற கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

குழாய்க்குள் இருப்பது வெறும் கரிதானே? ஒட்டடை மாதிரி விட்டுவிட்டால் என்ன?

வெறும் கரி என்றால் கவலை குறைவு. விறகு முழுசாக எரியாதபோது, எரிய வேண்டிய பொருளில் ஒரு பங்கு ஆவியாகப் புகையோடு மேலே போகிறது. கூடவே விறகிலிருந்த தண்ணீரும் நீராவியாகப் போகிறது. குழாயின் உள்சுவர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் இரண்டும் அங்கேயே குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதுதான் கீல்.

முதலில் அது கையால் தட்டினாலே உதிரும் கருப்புத் தூளாக இருக்கும். கவனிக்காமல் விட்டால் கறுத்த செதில்களாக மாறும். பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் வரும். அதற்கும் மேல் போனால் உருக்கி ஊற்றிய தார் போலப் பளபளவென்று இறுகிவிடும். மூன்றுமே எரியக்கூடியவை. மூன்றாவது ரொம்ப மோசம், ஏனென்றால் பிடித்தால் நின்று எரியும். அடுப்பிலிருந்து ஒரு பொறி ஏறினால் போதும், உங்கள் புகைக்கூண்டே இன்னொரு அடுப்பாகிவிடும்.

எங்கள் வீட்டில் ரப்பர் விறகுதான். ரப்பரில் பால் இருப்பதால்தான் கீல் அதிகம் பிடிக்கிறதா?

பால் பெரும்பாலும் பட்டையில்தான் இருக்கிறது, உள்மரத்தில் இல்லை. உண்மையான காரணம் ஈரம். வெட்டின சூட்டில் இருக்கும் ரப்பர் தடியில் எடைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். 10 கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் மூன்று, நான்கு லிட்டர் தண்ணீரை நீங்கள் கொதிக்க வைத்து வெளியேற்றுகிறீர்கள். விறகின் சூட்டில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். தீ மந்தமாகும், புகை பெருகும், குழாய் சூடேறாது. கீலுக்கு இதைவிடத் தோதான நிலைமை கிடையாது.

இதே ரப்பர் விறகைப் பிளந்து, தரையில் படாமல் செங்கல்மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட்டு ஆறு மாதம் கழித்து எரித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். பிளப்பது முக்கியம், உருண்டைத் தடி வெளியே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். விறகு அடுக்கை நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு மூடும் பழக்கம் இங்கே நிறைய. மழைக்குப் பயந்து செய்கிறார்கள், ஆனால் உள்ளே புழுங்கி விறகு பூஞ்சை பிடித்துப் போகிறது.

காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி: இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘ணங்’ என்று கேட்டால் சரி, ‘தொப்’ என்று கேட்டால் ஈரம். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும். ஈரம் அளக்கும் சிறு மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. விறகைப் புதிதாகப் பிளந்து, அந்த உள்முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எரிக்கலாம்.

எதையெல்லாம் எரிக்கக்கூடாது?

முதலில் அண்டித்தோடு, அதாவது முந்திரிக்கொட்டைத் தோடு. மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) அருகில் இருப்பவர்களுக்கு இது மலிவாகக் கிடைத்துவிடுகிறது. முந்திரித் தோட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய், அதுவும் கையில் பட்டால் தோல் பொத்துப்போகும் எண்ணெய். நன்றாகத்தான் எரியும், அதனால்தான் ஆசை. ஆனால் அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிப்பதோடு குழாயில் பிசுபிசுவென்று படியும். ஆலைகளில் அதற்கென்று கட்டிய உலைகள் வேறு, வீட்டு அடுப்பு வேறு.

அடுத்தது ஒட்டுப்பால், அதாவது உறைந்து காய்ந்த ரப்பர் பால். தீ பற்ற வைக்கச் சுலபம் என்று ஒரு துண்டு போடுவார்கள். சைக்கிள் டயர் துண்டும் அப்படித்தான். இரண்டும் கொழுத்த கரும்புகை. தீ மூட்டக் காய்ந்த கொதும்பும் (தென்னம்பாளை) ஓலையும் இருக்கும் ஊரில் இவை எதற்கு?

பர்னிச்சர் பட்டறையில் மிஞ்சும் ரப்பர் மரத்துண்டுகளில் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். பிளைவுட்டில் பசை இருக்கும். சமையல் அடுப்பில் இரண்டும் வேண்டாம். கதம்பை (தேங்காய் மட்டை) காய்ந்திருந்தால் பரவாயில்லை, நனைந்த கதம்பை மணிக்கணக்கில் புகையும். சிரட்டை தங்கமான எரிபொருள். தீ மந்தமாக இருக்கும்போது இரண்டு சிரட்டை போட்டால் அடுப்பு சூடு பிடித்துக்கொள்ளும்.

சுத்தம் செய்ய நேரமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

அடுப்பு நன்றாக ஆறியபின் டார்ச் அடித்துக் குழாயின் உள்ளே பாருங்கள். ஒரு ஆணியால் சுவரைக் கீறுங்கள். படிவு 3 மில்லிமீட்டர், அதாவது இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தைச் சேர்த்துவைத்த அளவுக்குத் தடித்திருந்தால் சுத்தம் செய்தாக வேண்டும். 6 மில்லிமீட்டர் என்றால் சுத்தம் செய்யும்வரை அந்த அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

பார்க்காமலேயே தெரியும் அறிகுறிகளும் உண்டு. முன்பு நன்றாக இழுத்த அடுப்பு திடீரென்று அடுக்களைக்குள் புகையைத் துப்பும். மழை நாளில் புகைக்கூண்டிலிருந்து காரமான கருகல் வாடை இறங்கும். குழாய் இணைப்பில் கருப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். செங்கல் சிம்னி என்றால் வெளிச்சுவரில் மஞ்சளும் காவியுமாகக் கறை தெரியும்; அதன்மேல் எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும். அது உள்ளேயிருந்து ஊறி வருவது.

வருஷத்தில் எத்தனை முறை?

தினமும் இரண்டு வேளை எரியும் 4 அங்குலக் குழாய்க்கு மாதம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ் விடுவதும் போதும். அகலமான செங்கல் சிம்னிக்கு வருஷத்தில் இரண்டு முறை. இங்கே ஜூன் முதல் ஒரு மழை, அக்டோபர் முதல் இன்னொரு மழை. விறகு நனைவதும் அடுப்பு மந்தமாவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே பங்குனி, சித்திரையில் ஒரு முழுச் சுத்தம், ஆவணி புரட்டாசியில் மழை இடைவிட்ட நாளில் இன்னொன்று. பாசி படர்ந்த மாடியில், ஓட்டில் மழைக்காலத்தில் ஏறவே வேண்டாம்.

குழாயை நாமே சுத்தம் செய்யலாமா? எப்படி?

ஒரு மாடி வீடு, நேரான குழாய் என்றால் செய்யலாம். தனியாகச் செய்யாதீர்கள், இரண்டு பேர் வேண்டும்.

முந்தின நாள் மத்தியானத்துக்குமேல் அடுப்பு எரிக்கக்கூடாது. சாம்பலை முழுசாக வாரிவிடுங்கள். சாம்பலுக்கடியில் கனல் மறுநாள் வரை உயிரோடு கிடக்கும். அடுப்பின் வாயை ஈரச் சாக்கால் அடையுங்கள். பக்கத்தில் இருக்கும் பாத்திரம், அரிசி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கரித்தூள் நினைத்த இடத்துக்கெல்லாம் போகும். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி, என்95 முகக்கவசம். தலையில் ஒரு துணி. முகத்தில் துண்டு கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. 1775இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், சிம்னி துடைக்கும் தொழிலாளிகளுக்கு வந்த புற்றுநோய்க்குக் காரணம் இந்தக் கரிதான் என்று எழுதினார். செய்யும் வேலையிலிருந்து புற்றுநோய் வரும் என்று உலகம் முதலில் தெரிந்துகொண்டதே இந்தக் கரியால்தான். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள்.

பிரஷ் குழாயின் உள்விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு 4 அங்குல பிரஷ். இரும்புக் குழாய் என்றால் கம்பி பிரஷ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நைலான் பிரஷ். கைவசம் இல்லையென்றால் பனந்தும்பு பிரஷ் நல்ல மாற்று. விறைப்பாக இருக்கும், சுவரைக் கீறாது. அதைக் கயிற்றின் நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். கயிற்றின் ஒரு முனை மாடியில் ஒருவரிடம், மறுமுனை கீழே ஒருவரிடம். மாறி மாறி இழுத்தால் பிரஷ் ஏறி இறங்கும். நீளக் கம்பு செருகும் முறையும் உண்டு, ஆனால் இரும்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ வேண்டாம். நம் வீடுகளில் சர்வீஸ் வயர் பெரும்பாலும் மாடியை ஒட்டியே போகிறது.

மேலிருந்து கீழாக வேலை செய்யுங்கள். மழைமூடியை முதலில் கழற்றிப் பாருங்கள். கூரைக்குமேல் நிற்கும் கடைசி மூன்றடியும் மூடியும்தான் அதிகம் குளிரும் இடம், அதிகம் கீல் பிடிக்கும் இடமும் அதுவே. அணிலும் மைனாவும் கூடு கட்டுவதும் அங்கேதான். கொஞ்ச நாள் எரிக்காமல் விட்ட அடுப்பு என்றால் கூடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அடைபட்ட குழாயோடு அடுப்பை எரித்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கும், அதற்கு மணம் கிடையாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

வளைவு இருக்கிற குழாயில் பிரஷ் வளைவைத் தாண்டாமல் மேலேயே நின்றுவிடும். உதிர்ந்ததெல்லாம் வளைவில் போய் உட்காரும். ஆகவே வளைவைக் கழற்றித் தனியாகச் சுத்தம் செய்யுங்கள். புகையில்லா அடுப்பில் இரண்டாவது பாத்திரக் குழிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு துவாரம் இருக்கும். குழாயைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு அந்தத் துவாரத்தை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. நீளக் காம்புள்ள சிரட்டை அகப்பையால் அதைச் சுரண்டி எடுங்கள். முடிந்ததும் அடுப்பு வாயில் ஓர் ஓலைத்துண்டைக் கொளுத்திப் பிடியுங்கள். தீ உள்பக்கமாகச் சாய்ந்தால் இழுப்பு நன்றாக இருக்கிறது.

எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் குழாய். அதே முறைதானா?

இல்லை, இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1980களில் அரசு பரப்பிய புகையில்லா அடுப்புகளிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் அமைப்பு கொண்டுவந்த பரிஷத் அடுப்பைப் பார்த்து இங்கே கட்டியவற்றிலும் சிமென்ட் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் சாதாரணம். அந்தக் குழாயைக் கம்பி பிரஷால் தேய்த்தால் கீலோடு ஆஸ்பெஸ்டாஸ் நாரும் பறக்கும். நுரையீரலுக்குள் போன நார் வெளியே வராது. பல பத்தாண்டு கழித்து நோயாக நிற்கும்.

உள்ளே தண்ணீர் தெளித்து நனைத்து, மெதுவான தும்பு பிரஷால் மட்டும் தேய்க்கலாம். அறுக்கவோ துளை போடவோ கூடாது. இன்னொரு ஆபத்து: உள்ளே கீல் பற்றினால் இந்தக் குழாய் வெடித்துச் சிதறும். என் கருத்தைக் கேட்டால், சுத்தம் செய்யச் செலவழிக்கும் நேரத்துக்கு ஸ்டீல் குழாய் மாற்றிவிடுவது மேல். பழைய குழாயை உடைக்காமல், நனைத்து, பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி அப்புறப்படுத்துங்கள்.

செங்கல் சிம்னிக்கு?

மேலே கூம்பி நிற்கும் செங்கல் சிம்னியில் கீல் அதிகம் பிடிப்பது குறுகும் கழுத்தில். நீளக் கைப்பிடி போட்ட கொத்துக் கரண்டியால் சுரண்டலாம். உள்ளே சிமென்ட் பூச்சு இருந்தால் சூட்டில் பொரிந்து கீலோடு பாளமாக வரும். அப்படி வந்தால் விரிசலைப் பாருங்கள். செங்கல் இடுக்கில் விரிசல் இருந்து, பக்கத்தில் பனஞ்சட்டமோ தென்னங்கையோ தொட்டுக்கொண்டிருந்தால், கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்தபின்தான் அடுப்பு. ஒற்றைத் தகட்டுக் குழாய் ஓட்டுக் கூரை வழியாகப் போகும் வீடுகளிலும் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி வேண்டும்.

பளபளவென்று இறுகிய கீல் பிரஷுக்கு வரவில்லையே?

வராது. ஓங்கித் தட்டினால் குழாய்தான் நசுங்கும். குழாய் என்றால் அந்தத் துண்டை மாற்றுங்கள். சிம்னி என்றால் மழுங்கிய உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்க வேண்டும். காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தலைக்குமேல் இருக்கும் இடத்தில் காஸ்டிக் சோடா கையாள்வது கண்ணை இழக்கும் வழி. கீலைப் பொடியாக்கும் ரசாயனப் பவுடர்கள் சந்தையில் இருக்கின்றன. அவை இளக்கும், எடுத்துவிடாது. அப்புறமும் பிரஷ் போடத்தான் வேண்டும்.

கொதும்பை நிறையக் கொளுத்தி உள்ளே இருப்பதை எரித்துவிடலாமே? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். கீல் பற்றிய புகைக்கூண்டுக்குள் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். பெரியவர்கள் காலத்தில் அடுக்களை தனியாக நின்றது, விறகு காய்ந்தது, கூண்டு அகலமாக இருந்தது, படிந்தது பெரும்பாலும் உதிரும் கரி. இன்றைக்கு நெருக்கமான வீட்டில், மெல்லிய குழாயில், இறுகிய கீலைக் கொளுத்துவது வேறு காரியம்.

உப்பு, வாழைத்தோல், உருளைக்கிழங்குத் தோல் போட்டால் கரி கழன்றுவிடும் என்பதும் பலன் தராது. உப்பைத் தீயில் போட்டால் வரும் புகை இரும்புக் குழாயை அரிக்கும், அவ்வளவுதான்.

உள்ளே தீ பற்றிவிட்டால்?

லாரி வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்கும். குழாய் அதிரும், சில சமயம் சிவக்கும், மேலே பொறி பறக்கும். வீட்டில் எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். 101க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள். கிட்டே போக முடிந்தால் அடுப்பு வாயில் காய்ந்த மணலைக் கொட்டி, ஒரு தகட்டால் வாயை அடையுங்கள்; காற்று போகாவிட்டால் தீ தணியும். மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது நொடியில் ஆவியாகிக் குழாயைப் பிளக்கும், ஊற்றியவர் முகத்திலும் அடிக்கும். தீ அடங்கினாலும் குழாயைக் கழற்றிப் பார்க்காமல் மறுபடி அடுப்பு எரிக்கக்கூடாது.

சுத்தம் செய்தபிறகும் புகை திரும்பி வருகிறது. வீடு ஆரல்வாய்மொழிப் பக்கம்.

அப்படியானால் கீல் மேல் பழி போட வேண்டாம், காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாக அங்கே காற்று பீய்ச்சி அடிப்பதால்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி, ஆவணியில் அந்தக் காற்று குழாய்க்குள் புகையைத் திருப்பி அமுக்கும். புகை நின்றால் குழாய் குளிரும், கீலும் கூடும். குழாயின் நுனி பக்கத்தில் இருக்கும் கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயரமாக இருக்க வேண்டும். மேலே இரு பக்கமும் திறந்த ‘டி’ வடிவ மூடி போட்டால் எந்தப் பக்கக் காற்றும் நேராக இறங்காது.

கடற்கரை வீடு. தகரக் குழாய் நிலைப்பதில்லை.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரம் முழுக்க இந்தக் குறை உண்டு. வெளியே உப்புக் காற்று, உள்ளே மழைநீரோடு சேர்ந்து புளிப்பேறிய கீல். இரண்டு பக்கமும் அரித்தால் தகரம் எத்தனை நாள் தாங்கும்? 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை கூடுதல்தான், ஆனால் கடலோரத்துக்கு அதுதான் சரி. மழைமூடி இல்லாமல் எந்தக் குழாயும் நிற்கக்கூடாது.

எடுத்த கரியைத் தென்னை மூட்டில் போடலாமா?

அடுப்புச் சாம்பலைப் போடலாம், தென்னைக்கு நல்லது. புகைக்கூண்டுக் கரியும் கீலும் வேறு. காய்கறிப் பாத்தியிலும் கிணற்றடியிலும் அதைக் கொட்டாதீர்கள். மூடியுள்ள தகர டப்பாவில் இரண்டு நாள் வைத்து, கனல் இல்லை என்று உறுதியானபின் கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள்.

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே புகையிலுள்ள கீல் சத்துதான், ஆகவே அங்கே புகை வேண்டும். ஆனால் உலையிலிருந்து அறைக்குப் புகை போகும் பாதையிலும் கூரையின் உள்பக்கத்திலும் படிவது அதே கீல். கீழே தீ, மேலே தொங்குவது ரப்பர். சீசன் தொடங்கும் முன் புகைப்பாதையை வாரிச் சுத்தம் செய்யுங்கள், உலைக்கும் அறைக்கும் நடுவில் பொறி தடுக்கும் கம்பிவலை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், கழன்று விழுந்த ஷீட்டை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள்.